அம்பாசிடர் கூரைக்குப் புதுத் துணி: முதன்முறை கைவைப்பவர்களுக்கு

சேரன்மகாதேவி தாண்டியதும், பின்னிருக்கையில் இருந்த சித்தியின் கொண்டைப் பூவின்மேல் கூரைத் துணி வந்து உட்கார்ந்தது. கல்லிடைக்குறிச்சிக் கல்யாண வீட்டு வாசலில் இறங்கும்போது மல்லிகை முழுக்கப் பழுப்புப் பொடி. “வண்டிக்கு ஒன்றுமில்லை, வானம்தான் தாழ்ந்துவிட்டது” என்று சிரித்துக்கொண்டே சித்தி பூவை உதறினார். வண்டி ஓட்டிய எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அது அப்பா வாங்கிய 1978ஆம் வருடத்து அம்பாசிடர், மார்க் 3. அந்த வண்டிக்கும், பிறகு நண்பர்களின் இன்னோர் அம்பாசிடருக்கும் ஒரு பத்மினி காருக்கும் கூரைத் துணி மாற்றியிருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. விடுமுறை நாட்களில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி வேலை பார்க்கிறவன். முதல் வண்டிக்காக மேலப்பாளையத்தில் சீட் கவர் தைக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் போய், “வந்து அளவெடுத்துக் கொள்கிறீர்களா?” என்று கேட்டேன். “கூரைக்கு அளவெடுக்க முடியாது தம்பி, அளவுச் சட்டை கொண்டு வாருங்கள்” என்றார். பழைய துணியைத்தான் அப்படிச் சொன்னார். இந்த வேலையில் முக்கால் பங்கு பழையதைக் கழற்றுவதில்தான் இருக்கிறது. அதைக் கிழித்து எடுத்துவிட்டால் எந்தத் தையல்காரராலும் உங்களுக்கு உதவ முடியாது.

மேற்கட்டி கட்டுவது போல

இப்போது வரும் கார்களில் கூரையின் உட்புறம் வார்த்த அட்டை ஒன்று இருக்கும். அதன்மேல் மெல்லிய ஃபோமும் துணியும் ஒட்டியிருக்கும். அட்டையைக் கழற்றி, சுரண்டி, புதுத் துணி ஒட்டினால் முடிந்தது. பழைய வண்டி அப்படியில்லை. அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வாரிசு. பத்மினி இத்தாலியின் ஃபியட் 1100இன் வாரிசு. இரண்டுமே 1950களின் வடிவமைப்பு. அந்தக் காலத்து முறையில் துணி கூரையில் ஒட்டப்படுவதில்லை, தொங்கவிடப்படுகிறது.

கல்யாணப் பந்தலில் மேற்கட்டி கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே மூங்கில், மூங்கிலில் துணி, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டு. காரில் மூங்கிலுக்குப் பதிலாக, வில்போல் வளைந்த இரும்புக் கம்பிகள் இடமிருந்து வலமாகப் போகும். துணியின் மறைவுப் பக்கத்தில், ஒவ்வொரு தையலின் மேலும், பாவாடை நாடா நுழைக்கிற மாதிரி ஒரு மடிப்பு தைத்திருப்பார்கள். கம்பி அதற்குள் நுழைந்திருக்கும். கம்பியின் இரு முனைகளும் கதவுக்கு மேலுள்ள சட்டத்தின் துளைகளில் செருகி நிற்கும். துணியின் ஓரங்கள் முன்கண்ணாடி, பின்கண்ணாடி ரப்பர்களுக்கு அடியிலும் கதவோர ரப்பர்களுக்கு அடியிலும் பசையால் ஒட்டி மறைந்திருக்கும்.

ஆகவே முறையாக மாற்ற வேண்டுமென்றால் இரண்டு கண்ணாடிகளும் வெளியே வந்தாக வேண்டும். கண்ணாடியைத் தொடாமல், பழைய துணியை ரப்பர் ஓரத்தோடு அறுத்துவிட்டுப் புதியதை இடுக்கில் திணித்துத் தருகிறேன் என்பவர்கள் உண்டு. அது இரண்டு கோடை தாங்காது.

எந்த மாதத்தில் தொடங்குவது

வேறு ஊர்க்காரர்கள் இதைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் யோசித்தே ஆக வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று, பசை தடவிய துணியின்மேல் ஒரு வயல் மண்ணையே கொண்டுவந்து கொட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை: பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பசை வெளுத்துப்போய்ப் பிடிப்பை இழக்கிறது. சித்திரை வெயிலிலோ, தடவி முடிப்பதற்குள் பசை காய்ந்துவிடும். தை, மாசி, பங்குனியின் முன்பாதி நல்ல காலம். அதிலும் காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில்தான் பசை வேலை.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கொட்டகைகளில் நின்ற பழைய வண்டிகளும் முங்கின. அப்படி முங்கிய வண்டியை வாங்கியிருந்தால், கூரைத் துணி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மேலேயுள்ள சணல் பஞ்சு வண்டலைக் குடித்து வைத்திருக்கும். மழைக்காலம் வந்தால் வண்டிக்குள் குளத்து வாடை அடிக்கும். பஞ்சு முழுவதையும் எடுத்துவிடுவதைத் தவிர அதற்கு வழியில்லை.

துணி வாங்குதல்

முதலில் பழையது என்ன என்று பாருங்கள். துணியா, ரெக்சினா? ரெக்சின் என்றால் வழவழப்பா, புள்ளித் துளை போட்டதா? அதே வகையை வாங்குவதுதான் என் கட்சி. கடைக்காரர் ஃபோம் ஒட்டிய துணியைக் காட்டி, மெத்தென்று இருக்கும் என்பார். வாங்காதீர்கள். அது அட்டைக் கூரைக்கானது. நம் வெயிலில் சில வருடங்களிலேயே அந்த ஃபோம் பொடிந்து துணி தனியாகக் கழன்றுவிடும். கம்பியில் தொங்கும் கூரைக்கு ஃபோம் இல்லாத, கொஞ்சம் இழுவை கொடுக்கிற, மெல்லிய ரெக்சினோ பருத்தி கலந்த துணியோ வேண்டும். சீட்டுக்குப் போடும் தடித்த ரெக்சினும் உதவாது, மூலைகளில் மடங்காது.

ரெக்சின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வரும். எங்கள் வண்டிக்கு நான்கு மீட்டர் வாங்கினேன், கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சட்டும். வெயில் மறைப்புப் பலகைகளையும் அதே துணியில் தைத்துக்கொள்ளலாம். நிறத்தில் சுத்த வெள்ளை வேண்டாம், தந்த நிறம் போதும். எங்கள் அப்பா பீடி குடிப்பவர். டிரைவர் இருக்கைக்கு மேலே ஒரு முறம் அகலத்துக்கு மஞ்சள் வட்டம் இருந்தது. வெள்ளை எதையும் மறைக்காது.

பசைக்கு, சோபா தைக்கும் கடைகளில் பயன்படுத்தும் மஞ்சள் நிற ரப்பர் பசை வேண்டும். இரு பக்கமும் தடவிக் காயவிட்டு ஒட்டும் வகை. வெப்பம் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள், வெயிலில் நிற்கும் காரின் கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது அல்லவா. மரவேலைக்கான வெள்ளைப் பசை கூடாது. இரண்டு கண்ணாடி ரப்பர்களும் புதிதாக வாங்கிவிடுங்கள். பழையது கல்லாய் இறுகியிருக்கும்; திரும்பப் பூட்டினால் ஒழுகும்.

மற்றவை வீட்டிலும் பக்கத்துக் கடையிலும் கிடைப்பவைதான். திருப்புளிகள், குறடு, கூரான பிளேடு, தையல்காரர் சாக்பீஸ், உப்புத்தாள், கம்பி பிரஷ், இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ், முடி உலர்த்தும் கருவி, தாள்களைப் பிடிக்கும் கருப்பு கிளிப்புகள். கிளிப் மட்டும் ஐம்பதாவது வேண்டும், பெரிய அளவு. பத்து இருபது வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைத்தால் பாதி வேலையில் ஸ்டேஷனரிக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

கழற்றுதல்

பேட்டரி இணைப்பைத் துண்டியுங்கள். கூரை விளக்குக்கு வரும் கம்பி உரசினால் தீப்பொறி. பக்கத்தில் பசை டின். சொல்ல வேண்டியதில்லை.

விளக்கு, வெயில் மறைப்புகள், உட்கண்ணாடி, கைப்பிடிகள் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றின் திருகுகளையும் தனித்தனி உறையில் போட்டு மேலே பெயர் எழுதுங்கள். கழற்றுவதற்கு முன் கைபேசியில் படம். இன்னொரு காரியம், பலர் செய்யாதது: ஒவ்வொரு திருகுத் துளையும் கண்ணாடி விளிம்பிலிருந்தும் நடுக்கோட்டிலிருந்தும் எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். புதுத் துணி ஏறிய பிறகு அந்தத் துளைகள் மறைந்துவிடும். அப்போது இந்தத் தாள்தான் கண்.

முன்கண்ணாடிக்கு இரண்டு ஆள் வேண்டும். வைத்துக்கொள்ளப் போவதில்லை என்பதால் பழைய ரப்பரை வெளிப்பக்கம் பிளேடால் அறுத்துவிடலாம். ஒருவர் உள்ளே இருந்து மேல் ஓரத்தை இரு உள்ளங்கைகளாலும் மெல்லத் தள்ள, இன்னொருவர் வெளியே ஏந்திக்கொள்ள வேண்டும். கண்ணாடியைப் பாயில் படுக்க வையுங்கள். எங்கள் வீட்டில் பழைய பத்தமடைப் பாய் இதற்குத்தான் கிடந்தது. சுவரில் சாய்க்காதீர்கள். கண்ணாடிக்கு நடுவில் பலம் அதிகம்; ஓரத்தில் ஒரு கல் தட்டினால் போயிற்று.

மூக்குக்கும் வாய்க்கும் முகமூடி, முழுக்கைச் சட்டை. நாற்பது வருடத் தூசி, எலிப் புழுக்கை, சில வண்டிகளில் உடம்பை அரிக்கும் கண்ணாடி நார் எல்லாம் தலையில் கொட்டும். நண்பரின் பத்மினி, களத்துப் பக்கத்துக் கொட்டகையில் நின்ற வண்டி; அதில் பின்கம்பிக்கு மேலே ஒரு குளவிக்கூடும், அரைப்படி நெல் உமியும் இருந்தன. எலி வேறு எங்கே குடித்தனம் நடத்தும்.

ஓரங்களைப் பிரிக்கும்போது இழுக்காதீர்கள். பசை பிடித்த இடத்தில் முடி உலர்த்தியின் சூட்டைக் காட்டினால் இளகிக் கொடுக்கும். சில வண்டிகளில் கதவோரமாகப் பல் வைத்த தகட்டுப் பட்டி துணியைக் கடித்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து துணியை மேல்நோக்கித் தூக்கி விடுவிக்க வேண்டும். அந்தப் பற்கள் விரலையும் கடிக்கும்.

நான்கு ஓரமும் விட்ட பின் துணி கம்பிகளில் மட்டும் தொங்கும். இங்கே நிதானம். கம்பிகள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொன்றின் நீளமும் வளைவும் வேறு. முன்னாலிருந்து எண்ணி, காகித டேப்பில் எண் எழுதிக் கம்பியின் இடது முனையில் ஒட்டுங்கள். சட்டத்தில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று துளைகள் இருந்தால், எந்தத் துளையில் முனை இருந்தது என்பதையும் எழுதுங்கள். ஒரு துளை மாறினாலும் கூரை அரை அங்குலம் இறங்கும் அல்லது ஏறும். சில வண்டிகளில் கடைசிக் கம்பியைச் சிறு கொக்கிகள் பின்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும், அவற்றைத் தொலைக்காதீர்கள். முதல் வண்டியில் நான் எல்லாக் கம்பிகளையும் உருவி ஒன்றாகச் சுவரோரம் நிறுத்திவிட்டேன். எது எங்கே என்று கண்டுபிடிக்க, ஒரு சனி ஞாயிறு முழுவதும் மருமகனும் நானும் அவற்றை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தோம்.

தகடும் கம்பியும்

துணி இறங்கியதும் கூரைத் தகட்டின் உட்புறத்தை முதன்முறையாகப் பார்ப்பீர்கள். பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்து, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் ஒரு கை. அது காய்ந்ததும் ஒருவர் வெளியே கூரையோர நீர்த்தாரையில் மெல்லத் தண்ணீர் விட, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். தாரை கூரையோடு சேரும் இணைப்பில் கசிவு இருந்தால் இப்போதே அடைத்துவிடலாம். பழைய துணியில் கறை எங்கே இருந்ததோ அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

விளக்குக் கம்பியையும் இதே கையோடு புதிதாக இழுத்துவிடுங்கள். பழைய கம்பியின் உறை தொட்டால் உதிரும். இதற்காக இன்னொரு முறை யாரும் கூரையைப் பிரிக்கப் போவதில்லை.

வெப்பம் தடுக்க, தகரக் கொட்டகைக்கு அடியில் ஒட்டுகிற வெள்ளித்தாள் போட்ட ஃபோம் போதும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்; தடித்தால் கம்பிக்கும் தகட்டுக்கும் இடைவெளி போதாமல் போகும். சத்தம் குறைக்கத் தார் பூசிய ஷீட்டை ஒட்டச் சொல்வார்கள். தரையில் ஒட்டட்டும். கூரையில் ஒட்டினால் பங்குனி உத்திரத்தன்று தார் இளகித் துணியில் இறங்கும்.

கம்பிகளையும் தேய்த்து, பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். பழைய துணியில் குறுக்கே காவிக் கோடுகள் தெரிந்தனவே, அவை கம்பியின் துரு. முனைகளில் சிறு ரப்பர் குழாய் மாட்டினால் பள்ளம் மேட்டில் கிணுகிணுக்காது.

அளவுச் சட்டையும் தையலும்

பழைய துணியைத் தரையில் விரித்து, பிரிப்பதற்கு முன் நடுக்கோடு ஒன்று போடுங்கள், முன்னிருந்து பின்வரை. பிறகு ஒவ்வொரு தையலின் குறுக்கேயும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிறு கோடு, இரண்டு துண்டுகளிலும் படும்படி. தையல் பிரித்த பின் இந்தக் கோடுகள்தான் எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு சேர வேண்டும் என்று காட்டும். இதில்லாமல் வெட்டினால் ஒரு துண்டு நீண்டு மறுதுண்டு குறைந்து, கூரை முழுவதும் சுருக்கம் விழும்.

துண்டுகளைப் பிளேடால் பிரித்து, புதுத் துணியின் பின்புறத்தில் வைத்து வரையுங்கள். ரெக்சின் ஒரு திசையில் அதிகமாக இழுபடும். எல்லாத் துண்டுகளிலும் அந்தத் திசை ஒரே பக்கமாக இருக்கட்டும். தையல் வரும் ஓரத்தில் பழைய அளவுக்கு ஒரு நூல்கூட மாற்றக் கூடாது. வெளி ஓரங்களில் மட்டும் நான்கு விரற்கடை கூடுதலாக விடுங்கள். கம்பி மடிப்புக்குத் தனியாக மெல்லிய பருத்திப் பட்டி வெட்ட வேண்டும்.

தைப்பதை அண்ணாச்சி போன்றவர்களிடம் விட்டுவிடுங்கள். வீட்டு மெஷினில் மூன்று அடுக்கு ரெக்சின் நகராது, தையல் கோணும். நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான்: பாலியெஸ்டர் நூல், கொஞ்சம் நீளமான தையல். நெருக்கித் தைத்தால் ஊசித் துளைகள் தபால்தலை ஓரம்போல் ஆகி, இழுக்கும்போது அந்தக் கோட்டிலேயே கிழியும்.

ஏற்றுதல்

புதுத் துணியை அரைமணி நேரம் வெயிலில் விரித்துவிடுங்கள். மடிப்புகள் தாமே மறையும். பிறகு கம்பிகளை எண் வரிசையில் மடிப்புகளுக்குள் நுழைத்து, ஒவ்வொரு கம்பியின் நடுவையும் துணியின் நடுக்கோட்டோடு பொருத்துங்கள்.

பின்னாலிருந்து தொடங்குங்கள். கடைசிக் கம்பியை அதன் துளைகளில் செருகி நிமிர்த்தி, கொக்கி இருந்தால் மாட்டி, அடுத்த கம்பி, அதற்கடுத்தது என்று முன்னால் வாருங்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி வேலை என்பதால் தோள் கேட்கும். முன்னிருக்கையைக் கழற்றிவிட்டால் நிமிர்ந்து உட்கார இடம் கிடைக்கும்.

எல்லாக் கம்பிகளும் ஏறியதும் விளக்குக் கம்பியைத் துணிக்குக் கீழே இழுத்துவிடச் சிறு துளை ஒன்று. இப்போதே. பிறகு தேட முடியாது.

முதல் நாள் பசையைத் திறக்கவே வேண்டாம். பின்கண்ணாடி விளிம்பின் நடுவில் ஒரு கிளிப். முன்னே போய் நடுவில் இழுத்து ஒரு கிளிப். திரும்பப் பின்னே, நடுவிலிருந்து இரு பக்கமும் ஒவ்வொன்று, திரும்ப முன்னே. முன்பின் இழுவை சரியான பிறகுதான் பக்கங்கள், இடது ஒன்று வலது ஒன்று என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் நடுக்கோடு நகர்ந்துவிடும். எவ்வளவு இழுப்பது? நாடாக் கட்டிலில் கை வைத்தால் கொஞ்சம் இறங்கி மேலே வருமே, அவ்வளவு. தவில் தோல்போல் இழுத்துவிட்டால் மார்கழிக் குளிரில் ரெக்சின் இறுகி ஓரப் பசையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

இனி வருவதுதான் புதியவர்கள் அத்தனைபேரும் தடுக்கி விழும் இடம். பக்கங்களை இழுக்கும்போது ஒவ்வொரு கம்பியின் முனையிலும், கதவுக்குச் சற்று மேலே, காக்கைக் கால் போல மூன்று நான்கு சுருக்கங்கள் விழும். எவ்வளவு இழுத்தாலும் போகாது. இழுக்க இழுக்க அதிகமாகும். காரணம் துணி அல்ல, மேலேயுள்ள பருத்தி மடிப்பு. அது கம்பியின் முனைவரை வந்து துணியைக் கம்பியோடு கட்டிப்போட்டிருக்கிறது. துணி கீழ்நோக்கி வளைந்து விளிம்புக்குப் போக வேண்டிய இடத்தில் அதை விடமாட்டேன் என்கிறது. அந்த முனையில் துணியைக் கீழே விலக்கி, மடிப்பை மட்டும் தையலை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். திரும்ப இழுத்துப் பாருங்கள். சுருக்கம் பாதி குறைந்திருக்கும். இன்னும் அரை சென்டிமீட்டர். மறுபடி இழுங்கள். நின்றுபோகும்.

எங்கள் அம்பாசிடரில் மூன்றாவது கம்பியின் வலது முனையில், பொறுமை கெட்டு ஒரே வெட்டாக இரண்டு அங்குலம் வெட்டினேன். சுருக்கம் போயிற்று. கூடவே துணி அந்த இடத்தில் கம்பியைவிட்டு இறங்கி, குழந்தையின் கன்னம்போல் தொங்கியது. கூரையைப் பாதி இறக்கி, மடிப்புக்கு ஒட்டுப்போட்டுக் கையால் தைத்தேன். இன்றும் பின்கதவைத் திறந்து உட்காருகிறவர்கள் கவனித்தால் தெரியும். இடது முனையைப் பார்த்து ஒப்பிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

எல்லாக் கிளிப்பும் மாட்டியபின் வண்டியைக் கதவு சாத்தி, மதியம் முழுக்க வெயிலில் நிறுத்துங்கள். கண்ணாடி இல்லாத இரண்டு பக்கமும் பழைய வேட்டி போர்த்திவிடலாம். சூட்டில் ரெக்சின் தளரும். சாயங்காலம் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இன்னும் கொஞ்சம் இழுத்து, திரும்ப மாட்டுங்கள். நம் ஊர் வெயில் நமக்கு இலவசமாகச் செய்யும் ஒரே உதவி இதுதான் என்று நினைக்கிறேன். துணிக் கூரை என்றால் வெயிலுக்குப் பதில் நீராவி இஸ்திரி, சற்றுத் தள்ளிப் பிடித்து.

மறுநாள் காலை பசை. எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும். கிட்டத்தில் பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் வேண்டாம். ஒரு முழ நீளத்துக்குக் கிளிப்பை எடுத்து, துணியின் ஓரத்திலும் தகட்டு விளிம்பிலும் மெல்லியதாகத் தடவுங்கள். விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம், காத்திருங்கள். பிறகு இழுத்து அழுத்துங்கள். முதலில் பின்பக்க நடு, அடுத்து முன்பக்க நடு, பிறகு நேற்றுக் கிளிப் மாட்டிய அதே வரிசை. கோணலாக ஒட்டிவிட்டால் பதற வேண்டாம். சூடு காட்டினால் ஒருமுறை பிரித்து ஒட்டலாம், இரண்டாவது முறைக்குப் புதுப் பசை வேண்டும்.

கண்ணாடி மூலைகளின் வளைவில் துணி குவியும். அங்கே ஓரத்தில் சிறு சிறு வெட்டுகள், கூம்பு வடிவில், கொடுத்தால் படியும். வெட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துவிடக் கூடாது. ரப்பர் மூடும் அகலம் ஒரு விரல்தான். எல்லாம் காய்ந்த பிறகு மிச்சத்தை விளிம்பின் வெளிப்பக்கத்தோடு வெட்டிவிடலாம்.

துளைகளும் கண்ணாடியும்

விளக்குக்கு, அதன் அடித்தட்டைவிடச் சிறியதாகக் குறுக்குவெட்டு ஒன்று. பெரிதாகிவிட்டால் மறைக்க வழியில்லை. திருகுத் துளைகளுக்கு அந்த அளவுத்தாளை எடுங்கள். கணக்குப்படி குத்தூசியால் மெல்ல அழுத்தினால் துளையில் இறங்குவது கையில் தெரியும். துளையிடும் இயந்திரத்தைத் துணியின்மேல் வைக்கவே கூடாது. நூல் அதன் முனையில் சுற்றிக்கொண்டு ஒரு முழத்துக்கு இழுத்துவிடும். ரெக்சினுக்கு, ஆணியைக் காய்ச்சித் துளையிட்டால் ஓரம் உருகி நிற்கும், கிழியாது.

கண்ணாடி பூட்டக் கயிற்று முறைதான் எளிது. புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, தகட்டு விளிம்பு உட்காரும் பள்ளத்தில் வழுவழுப்பான நைலான் கயிறு ஒன்றைச் சுற்றிவர அழுத்துங்கள். இரு நுனிகளும் கீழ் நடுவில் குறுக்காகத் தாண்டி உள்ளே தொங்கட்டும். சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவி, வெளியேயிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, நீங்கள் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெல்ல உருவுங்கள். கயிறு வரவர ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். மேல் மூலைகளுக்கு வரும்போது கயிறு புதுத் துணியை மடக்கிக்கொண்டு போகாமல் ஒரு விரலால் துணியை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பூட்டிப் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆள் கூப்பிடுவதில் தப்பில்லை. நானும் முதல் வண்டிக்குக் கூப்பிட்டேன்.

பசை வாடை போக ஒரு வாரம் ஆகும். அதுவரை நிறுத்தும்போது ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வையுங்கள். ஒரு மாதம் கழித்துக் கதவோர ரப்பரைக் கொஞ்சம் விலக்கி ஓரங்களைப் பாருங்கள். எங்காவது பசை விட்டிருந்தால் அப்போதே ஒரு தொடுப்பு.

பிரித்த பழைய துண்டுகளை உதறி, எண் போட்டு, சுருட்டிப் பரணில் வையுங்கள். எங்கள் அம்பாசிடரின் துண்டுகள் இதுவரை ஒருமுறை தென்காசிக்கும் ஒருமுறை வள்ளியூருக்கும் போய் வந்துவிட்டன. வள்ளியூர்க்காரர் திருப்பித் தந்தபோது இரண்டாவது துண்டில் நீலச் சாக்பீஸால் ஒரு திருத்தம் போட்டிருந்தார், இடது ஓரம் கால் அங்குலம் குறைவு என்று. அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி.